டெல்டாச் சங்கத்தின் இணையச் சேவையைக் கடைசித் தெருவரை கொண்டுசெல்வது எப்படி? புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் புதிதாகச் சேருபவர்களும், நிர்வாகக் குழுவில் முதல் தடவை உட்காருபவர்களும், "நம்ம சொசைட்டிக்கு ஒரு ஆப் போட்டுவிட்டால் என்ன?" என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிப்பார்கள். போடலாம், ஆனால் கடைசியில். ஆப் வந்தால் முதலில் பயன் பெறுபவர் தஞ்சாவூரில் மகன் படிக்க, சொந்தப் பட்டாவும் ஸ்மார்ட்போனும் வைத்திருப்பவர். அவருக்கு ஏற்கனவே மூன்று வங்கியில் கணக்கு இருக்கிறது. நடவுக்குப் போகும் பெண்ணும், கோவில் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்பவரும், வேதாரண்யம் உப்பளத்தில் ரேகை தேய்ந்துபோன தொழிலாளியும் அந்த ஆப்பின் முதல் திரையைக் கூடத் தாண்ட மாட்டார்கள். எங்கே தடுக்கிறது என்று பார்த்தால் பெயரில், போன் எண்ணில், ரேகையில், கையிருப்புக் காசில். அந்த வரிசையிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

சங்கம் வேறு, வங்கி வேறு

ஊரில் எல்லோரும் "கூட்டுறவு பேங்க்" என்றே சொன்னாலும், சட்டப்படி சங்கம் வங்கி இல்லை. சங்கத்துக்கென்று ஐஎஃப்எஸ்சி குறியீடு கிடையாது. சங்கத்தின் பாஸ்புக்கில் உள்ள சேமிப்புக் கணக்குக்கு நூறு நாள் வேலைச் சம்பளம் வராது. அதை யுபிஐயில் இணைக்கவும் முடியாது. அவை எல்லாம் நடப்பது மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக் கணக்கில். டெல்டாவில் பெரும்பாலான சங்கங்களுக்குத் தாய் வங்கி கும்பகோணம் மத்தியக் கூட்டுறவு வங்கியாகவோ தஞ்சாவூர் மத்தியக் கூட்டுறவு வங்கியாகவோ இருக்கும். அதற்கு மேலே சென்னையில் மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி.

இன்னொரு வித்தியாசத்தையும் உறுப்பினரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியில் (இனி மத்திய வங்கி) போட்ட பணத்துக்கு 5 லட்ச ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. சங்கத்தில் போட்ட வைப்புத் தொகைக்கு அந்தக் காப்பீடு கிடையாது.

ஆகவே முதல் வேலை: உறுப்பினர் பட்டியலை எடுத்து, யாருக்கு மத்திய வங்கியில் கணக்கு உண்டு, யாருக்குச் சங்க ஏட்டில் மட்டும் கணக்கு என்று பிரியுங்கள். இரண்டாவது பட்டியலில் இருப்பவர்களுக்கு எந்த இணையச் சேவையும் போய்ச் சேராது. இவர்களுக்குக் குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கைத் தொடங்கச் சொல்லுங்கள். அதில் மாதம் நான்கு முறை கட்டணமில்லாமல் பணம் எடுக்கலாம். ஆவணமே இல்லாதவருக்குச் சிறு கணக்கு என்று ஒன்று உண்டு: இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, மாதத்தில் 10,000க்கு மேல் எடுக்கக் கூடாது, ஓராண்டுக்குள் ஆவணம் கேட்டு விண்ணப்பித்ததையாவது காட்ட வேண்டும்.

வெளியே நிற்பவர்கள் யார் என்று தெருவாரியாக எழுதுங்கள்

இதைக் கணினியில் தேட முடியாது. கணினியில் இருப்பவர்கள் ஏற்கனவே உள்ளே வந்தவர்கள். டெல்டாவில் பல ரேஷன் கடைகளைச் சங்கமே நடத்துகிறது. குடும்ப அட்டைப் பட்டியல் கடை விற்பனையாளருக்கு மனப்பாடம். அவரோடும் மகளிர் குழுப் பொறுப்பாளரோடும் உட்கார்ந்து, சங்கத்தில் எந்த வகையிலும் பெயர் இல்லாத குடும்பங்களைக் குறியுங்கள். பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள்: பட்டா இல்லை, பழைய தவணை பாக்கி, கணவர் மட்டும் உறுப்பினர், போன் இல்லை, ரேகை விழவில்லை, மைக்ரோ பைனான்ஸ் வாரத் தவணையில் மாட்டியிருக்கிறார். காரணம் எழுதாத பட்டியலால் பயனில்லை, ஏனென்றால் ஒவ்வொரு காரணத்துக்கும் மருந்து வேறு.

பெயர், எண், கணக்கு: மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டுவது

ஒன்றிய அரசின் சங்கக் கணினிமயத் திட்டம் 2022இல் ஒப்புதல் பெற்றது. நபார்டு (தேசிய வேளாண், ஊரக வளர்ச்சி வங்கி) வழியாக நாடு முழுதும் ஒரே மென்பொருள். பழைய பேரேட்டிலிருந்து அதற்குத் தரவு ஏறும்போது பிழைகளும் கூடவே ஏறியிருக்கும். அதிகம் சிக்குவது இனிஷியல். சங்க ஏட்டில் "கோ. செல்வி" என்று தகப்பன் பெயரில் இருக்கும், ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்து பின்னால் வரும், ரேஷன் அட்டையில் வெறும் "செல்வி". மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. அது திருப்பி அனுப்பிவிடும்.

திருத்தும்போது வரிசை முக்கியம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரு முறை. அதனால் எதற்கெடுத்தாலும் "ஆதாரை மாத்திட்டு வாங்க" என்று அனுப்பாதீர்கள். ஆதாரில் இருப்பது ஓரளவு சரியாக இருந்தால் அதையே அடிப்படையாக வைத்து, சங்க ஏட்டையும் வங்கிக் கணக்கையும் அதற்கு ஏற்றபடி திருத்துங்கள். பழைய பேரேடு வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சாகியிருந்தால், யூனிகோடுக்கு மாற்றியதும் ஒவ்வொரு பக்கத்திலும் பத்துப் பெயரையாவது கண்ணால் ஒப்பிடுங்கள். கொம்பும் காலும் இடம் மாறி "கோவிந்தன்" வேறு யாரோ ஆகியிருப்பார்.

அடுத்தது போன் எண். ஏட்டில் இருக்கும் எண்ணில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று ஒரு மாலை உட்கார்ந்து அழைத்துப் பாருங்கள். 90 நாள் பயன்படுத்தாத சிம் முடக்கப்பட்டு, பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போகிறது. அப்புறம் நம் உறுப்பினரின் ஓடிபி யாரோ ஒருவருக்கு. இன்னொரு வகை, மகனின் எண். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பான். அம்மா இங்கே கவுன்டரில் நிற்பார். ஓடிபி திருப்பூருக்குப் போகும். அவன் ஷிப்ட் முடிந்து போனை எடுப்பதற்குள் நேரம் கடந்துவிடும். ஆதாரில் இருக்கும் எண்ணும் வங்கியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் டெபிட் கார்டு இல்லாமல் ஆதார் ஓடிபி வழியாக யுபிஐ பின் போட முடியும். ஆதாரில் எண் மாற்றத் தாலுகா அலுவலகம் வரை அலைய முடியாத முதியவருக்கு, அஞ்சலக வங்கிச் சேவை உள்ள தபால்காரரே வீட்டுக்கு வந்து மாற்றித் தருவார். இது பலருக்குத் தெரியாது.

மூன்றாவது, பணம் எந்தக் கணக்குக்கு வருகிறது என்பது. ஒருவருக்கு நான்கு வங்கியில் ஆதார் இணைந்திருந்தாலும், அரசு மானியமும் நூறு நாள் சம்பளமும் போவது கடைசியாகப் பணப் பரிமாற்றத்துக்கென ஒப்புதல் கொடுத்து இணைத்த ஒரே வங்கிக்கு. "பணம் வரலை" என்று வருபவர்களில் பாதிக்கு மேல் வந்துதான் இருக்கும், வேறு வங்கியில். மைஆதார் தளத்தில் 'வங்கி இணைப்பு நிலை' என்ற இடத்தில் எந்த வங்கி என்று தெரியும். அதைப் பார்த்துச் சொன்னால் போதும். நம் வங்கிக்கு மாற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். மாற்றிய மாதத்தில் ஒரு தவணை இடையில் நின்றால், அந்தப் பழி சங்கத்தின் மேல்தான் விழும்.

ரேகை இயந்திரத்தை ரேஷன் கடைப் பக்கத்தில் வையுங்கள்

வெளியே நிற்பவர்களுக்கு இணையச் சேவை என்றால் நடைமுறையில் இதுதான்: ஆதார் ரேகையில் பணம் எடுப்பது, போடுவது, இருப்புப் பார்ப்பது. சங்கம் மத்திய வங்கியின் வணிக முகவராகப் பதிவு செய்து, மைக்ரோ ஏடிஎம் எனப்படும் ரேகை இயந்திரத்தை வாங்கி நடத்தலாம். சங்க அலுவலகம் காலை பத்து மணிக்குத் திறந்து மாலை மூடுவது. கூலிக்குப் போகிறவர் அந்த நேரத்தில் வயலில் இருப்பார். ரேஷன் கடைக்கு மட்டும் எல்லோரும் வந்தே தீர வேண்டும். பொருள் போடும் நாட்களில் கடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு இயந்திரத்தை வையுங்கள். ஆனால் கடைக் கல்லாவும் வங்கிக் கல்லாவும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. பெட்டி தனி, ஏடு தனி, ஆளும் தனி. விற்பனையாளரிடமே இரண்டையும் கொடுத்தால் மாலையில் கணக்கு நிற்காது. மகளிர் குழுவில் பன்னிரண்டாவது படித்த ஒரு பெண்ணை முகவராக வைப்பது நல்லது. அவரிடம் பெண்கள் கூச்சமில்லாமல் இருப்புக் கேட்பார்கள்.

தேவையான சாமான்: எல்1 தரச் சான்று பெற்ற ரேகைக் கருவி (பழைய எல்0 கருவியை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள், அவை வழக்கொழிந்தவை), ரசீது அச்சடிக்கும் வசதி, கூடுதலாக ஒரு பெட்டி தெர்மல் தாள், சோப்பு, தண்ணீர், துண்டு. சோப்பும் துண்டும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ரேகை ஏன் விழவில்லை என்று புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். நாற்றுப் பறித்துவிட்டு நேராக வரும் கையில் விரல் நுனி ஊறிச் சுருங்கியிருக்கும். மண் ரேகைப் பள்ளத்தில் அடைத்திருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, கால் மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் வேலை செய்பவர் விரல் காய்ந்து வெடித்திருக்கும். அவருக்கு எதிர் வைத்தியம், விரலைக் கொஞ்சம் ஈரத் துணியில் ஒற்றிவிட்டு வைக்க வேண்டும். கட்டை விரலையே எல்லோரும் நீட்டுவார்கள். அதிகம் தேய்வதும் அதுவே. மோதிர விரலை முயன்று பாருங்கள். எந்த விரல் விழுந்ததோ அதைப் பாஸ்புக் அட்டையின் உள்பக்கம் பென்சிலால் குறித்து வைத்தால் அடுத்த மாதம் வேலை மிச்சம். கருவியின் கண்ணாடி மேல் நேர் வெயில் பட்டாலும் ரேகை எடுக்காது. மேசையை நிழலில் போடுங்கள். மூன்று தடவைக்கு மேல் விழாவிட்டால் நிறுத்திவிட்டு, வங்கி மென்பொருளில் முக அடையாள வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அதுவும் இல்லையென்றால் ரூபே கார்டு. திரும்பத் திரும்ப விழாதவரை ஆதார் மையத்துக்கு அனுப்பி ரேகையைப் புதுப்பிக்கச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் நடவுக் காலத்தில் அனுப்பாதீர்கள், தேய்ந்த ரேகையே மறுபடி பதிவாகும். அறுவடை முடிந்து இரண்டு மூன்று வாரம் கை ஓய்ந்திருக்கும்போது அனுப்புங்கள்.

ஏமாற்று நடப்பதும் இந்த மேசையில்தான். "ரேகை விழலை, இன்னொரு தடவை வைங்க" என்று சொல்லி, முதல் தடவையிலேயே ஓடிவிட்ட பரிமாற்றத்தை மறைத்து இரண்டாவதையும் ஓட்டுவது பழைய தந்திரம். இதற்கு ஒரே விதி: விரல் எத்தனை தடவை வைக்கப்படுகிறதோ அத்தனை ரசீது, தோல்வியானதற்கும் சேர்த்து. விதியைப் பெரிய எழுத்தில் மேசை முன்னால் ஒட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாயால் சொல்லுங்கள்: "கை வச்சா சீட்டு வாங்கிட்டுப் போங்க." பணம் எடுப்பவரிடம் முகவர் தனியாகப் பத்து, இருபது வாங்கவும் கூடாது, அவருக்குக் கமிஷன் வங்கி தருகிறது. "டீக்குக் கொடுங்க" என்பதும் கட்டணமே.

ஒரு தடவையில் எடுக்கக்கூடிய உச்சம் 10,000 ரூபாய். கணக்கில் கழிந்து, பணம் கைக்கு வராமல் பரிமாற்றம் தொங்கினால் பதற வேண்டாம். பரிமாற்ற நாளுக்குப் பிறகு ஐந்து நாளுக்குள் திரும்ப வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதி. தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அந்தத் தோல்வி ரசீதுதான் ஆதாரம், பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

மேசையில் காசு இல்லாவிட்டால் எல்லாம் வீண்

இயந்திரம் வேலை செய்து, ரேகையும் விழுந்து, "பணம் தீர்ந்துபோச்சு, நாளைக்கு வாங்க" என்று சொன்னால் அந்த அம்மா மறுபடி வர மாட்டார். அரை நாள் கூலி போயிற்று. முகவரின் கணக்கு இப்படி ஓடும்: ஒருவர் பணம் எடுத்தால் மேசையில் ரொக்கம் குறையும், முகவரின் வங்கிக் கணக்கில் அதே தொகை ஏறும். போட்டால் நேர்மாறு. எடுப்பவர்களே அதிகமான ஊரில் மதியத்துக்குள் ரொக்கம் காலி, கணக்கில் மட்டும் இருப்பு. நூறு நாள் சம்பளம் ஏறிய மறுநாள் 40 பேர் ஆளுக்கு 1,500 எடுக்க வருவார்கள் என்றால் 60,000 ரூபாய் வேண்டும். மகளிர் உரிமைத் தொகை ஏறும் 15ஆம் தேதியை ஒட்டிய நாட்களிலும் இதே கதை. எந்தத் தேதியில் எவ்வளவு போனது என்று மூன்று மாதம் எழுதி வைத்தால் நான்காவது மாதம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். ரொக்கத்தைக் காப்பீட்டு வரம்புக்குள் வையுங்கள். ஐந்நூறு ரூபாய்க் கட்டை மட்டும் கொண்டுவராதீர்கள். 700 கேட்பவருக்கு என்ன செய்வீர்கள்?

இங்கேயே சங்க வசூலையும் கவனியுங்கள். ரொக்கமாக வரும் நகைக் கடன் வட்டியை வங்கிக்குக் கட்டிவிட்டு, அதே வங்கியிலிருந்து மேசைக்கு ரொக்கம் கொண்டுவருவது இரட்டை வேலை. தாய் வங்கிக் கிளையோடு பேசி, அன்றைய வசூலை அப்படியே மேசைக்குத் திருப்பும் ஏற்பாட்டை எழுத்துபூர்வமாக வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியில் செய்தால் தணிக்கையில் மாட்டுவீர்கள்.

குறுஞ்செய்தி: 70 குறியீட்டுக்குள்

ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70 குறியீடு. தாண்டினால் அது இரண்டு செய்தி, கட்டணமும் இரண்டு. கணினி எண்ணுவது நாம் எண்ணுகிற எழுத்தை இல்லை. புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனி. 'தஞ்சாவூர்' நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு 9. ஆகவே மரியாதைத் தொடர்களை எல்லாம் வெட்டிவிட்டு இப்படி எழுதலாம்:

நகைக்கடன் வட்டி ரூ.1850 மார்ச் 10க்குள் கட்டவும்.

இது 49. மிச்சம் 21இல் சங்கத்தின் பெயரைச் சுருக்கிப் போடலாம். மொத்தமாக அனுப்ப டிஎல்டி (தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பதிவுத் தளம்) பதிவும், அனுப்புநர் பெயரும், வார்ப்புக்கு, அதாவது செய்தியின் மாதிரி வாசகத்துக்கு, முன் அனுமதியும் வேண்டும். அனுமதி பெற்ற வார்ப்பில் ஒரு புள்ளி மாறினாலும் செய்தி போகாது. "மெசேஜ் போகலை" என்ற புகாரில் பெரும்பாலும் இதுதான் காரணம். தமிழ்ச் செய்திக்கு வார்ப்பைப் பதியும்போதே யூனிகோடு என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னொன்று, தொழில்நுட்பத்தைவிடப் பெரியது. கிராமத்தில் போன் வீட்டுக்குப் பொது. மனைவி தன் தாலிக்கொடியை வைத்துத் தம்பியின் படிப்புக்குக் கொடுத்தது கணவருக்குத் தெரியாமல் இருக்கலாம். சங்கத்தின் செய்தி வந்து விழுந்ததும் வீட்டில் சண்டை. கடன் கொடுக்கும்போதே கேளுங்கள்: "இந்த நம்பர் யார் கையில் இருக்கும்? மெசேஜ் அனுப்பலாமா, இல்லை நேரில் சொல்லலாமா?" பதிலைப் படிவத்தில் ஒரு கட்டத்தில் குறியுங்கள். இதைச் செய்யாத சங்கத்தைப் பெண்கள் ஓசையில்லாமல் விட்டுவிட்டு அடகுக்கடைக்குப் போவார்கள். அங்கே வட்டி அதிகம், ஆனால் கடைக்காரர் வாய் திறக்க மாட்டார்.

கியூஆர் வசூலும் அனாமத்துக் கணக்கும்

கவுன்டரில் கியூஆர் ஒட்டுவது ஐந்து நிமிட வேலை. தொல்லை மாலையில் வரும். யாரோ 3,200 ரூபாய் போட்டிருப்பார். மகன் போனிலிருந்து வந்த பெயர் உறுப்பினரின் பெயரோடு பொருந்தாது. எந்தக் கடனுக்கு என்றும் தெரியாது. அது அனாமத்தில் (யாருடையது என்று தெரியாத பணத்தை ஒதுக்கி வைக்கும் கணக்கில்) போய் உட்காரும், உறுப்பினருக்கோ வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். கடன் எண்ணைக் குறிப்பில் எழுதாமல் வரும் பணம் அன்றே வரவு வைக்கப்படாது என்று பலகை வையுங்கள். முடிந்தால் கடன்வாரியாகத் தனி கியூஆர் அச்சிட்டுப் பாஸ்புக்கில் ஒட்டுங்கள். 12 இலக்கப் பரிமாற்ற எண்ணைத் தனி ஏட்டில் எழுதி, நாள் முடிப்புக்கு முன் வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டாக வேண்டும். போன் திரையைக் காட்டி "போட்டாச்சு" என்பதை மட்டும் நம்பி ரசீது போடாதீர்கள். போலித் திரை உண்டு.

பட்டன் போன்காரர்களுக்கு 2022 மார்ச்சில் வந்த யுபிஐ 123பே இருக்கிறது, *99# இருக்கிறது. இரண்டும் நம் தாய் வங்கிக் கணக்கில் வேலை செய்கிறதா என்று உங்கள் கணக்கிலேயே முதலில் சோதியுங்கள். சோதிக்காமல் கூட்டம் போட்டு விளக்கினால் கூட்டத்தின் நடுவில் மானம் போகும்.

கடன் விண்ணப்பத்தில் மா எங்கே?

பயிர்க் கடன் விண்ணப்பம் இணையத்துக்கு வரும்போது டெல்டாவுக்கே உரிய இரண்டு இடத்தில் உடைகிறது. ஒன்று அளவு. விவசாயி மா என்பார், வேலி என்பார். பட்டாவில் ஹெக்டேர், ஏர். கடன் அளவு ஏக்கருக்கு. மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர், அதாவது ஒரு மா சுமார் 33 சென்ட். 20 மா ஒரு வேலி, சுமார் 6.6 ஏக்கர், ஓர் ஏக்கர் 0.40 ஹெக்டேர். சிட்டாவில் 0.40.5 (0 ஹெக்டேர் 40.5 ஏர், அதாவது சுமார் ஓர் ஏக்கர்) என்று இருப்பதை அப்படியே ஏக்கர் கட்டத்தில் போட்டால் கடன் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கடனோடு தரும் உரமும் அதே அளவில் குறையும். மா எண்ணிக்கையைப் போட்டால் ஏக்கரும் ஹெக்டேரும் தானே வரும்படி ஒரு சின்னக் கணிப்பான் தாளை மேசையில் வையுங்கள்.

இரண்டாவது, குத்தகை. இணையப் படிவம் பட்டா எண்ணைக் கேட்கும். கோவில், மடம், அறக்கட்டளை நிலம் இங்கே ஏராளம். சாகுபடி செய்பவர் பெயரில் பட்டா இருக்காது. தனியார் நிலத்திலோ உரிமையாளர் எழுத்தில் ஒப்புதல் தரத் தயங்குவார். 1955ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், ஒரு கையெழுத்துப் போட்டால் ஆளை நிலத்தை விட்டு எழுப்ப முடியாது என்று அவருக்குப் பயம். ஆகவே "உரிமையாளர் ஒப்புதல் கொண்டுவா" என்பது பல பேருக்குக் கடன் கிடையாது என்று சொல்வதே. வேறு வழிகளை வரிசையாகப் பாருங்கள்: 1969ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி பெயர் பதிவாகியிருக்கிறதா, கோவில் நிலமானால் நடப்பு ஆண்டுக் குத்தகை ரசீது இருக்கிறதா, கிராம நிர்வாக அலுவலர் அடங்கலை (பயிர்ப் பதிவேட்டை) பார்த்துச் சாகுபடிச் சான்று தருவாரா, எதுவும் இல்லையென்றால் நான்கு முதல் பத்துப் பேர் சேர்ந்த கூட்டுப் பொறுப்புக் குழுவாகக் கடன் கொடுக்கலாமா. இந்த விண்ணப்பங்கள் இணையத்தில் பட்டா எண் கட்டத்தில் சிக்கி நின்றால், தாளில் வாங்கிச் செயலாளர் வழியாக ஏற்றும் தனிப் பாதையை மத்திய வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். "சிஸ்டம் எடுக்கலை" என்பது மறுப்புக்குக் காரணம் ஆகாது. மறுப்பதென்றால் காரணத்தைத் தாளில் எழுதிக் கொடுங்கள்.

பயிர்க் காப்பீட்டுப் பதிவுக்கு ஒன்றே ஒன்று. வருவாய்க் கிராமத்தின் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். கீழ, மேல, வட, தென் என்று ஒரே பெயரில் நான்கு ஊர் பட்டியலில் வரும். வேறு கிராமத்தில் பதிந்தால் வெள்ளம் வந்த ஊருக்கு இழப்பீடு வரும்போது இவருக்கு வராது. சம்பாவுக்கு வழக்கமான கடைசி நாள் நவம்பர் 15 (அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பாருங்கள்). கடைசி வாரத்தில் தளம் தவழும். அக்டோபரிலேயே முடித்துவிடுங்கள்.

மின்சாரமும் இணைப்பும்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. செல்போன் கோபுரமும் பேட்டரி தீர்ந்ததும் ஓய்ந்தது. அந்த அளவுக்கு யாரும் ஏற்பாடு செய்ய முடியாது. சாதாரண ஐப்பசி மழைக்கு ஏற்பாடு செய்யலாம். மடிக்கணினி, பைபர் மோடம், ரேகைக் கருவி, ஒரு விளக்கு, ஒரு விசிறி எல்லாம் சேர்த்துச் சுமார் 150 வாட். 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரியில் கணக்குக்கு 1,800 வாட்-மணி; நிஜத்தில் அதில் அறுபது சதவீதம் கிடைத்தால் ஏழு மணி நேரம் ஓடும். லேசர் பிரின்டரை மட்டும் இன்வெர்ட்டரில் போடாதீர்கள். அச்சடிக்கும் நொடியில் அது பல நூறு வாட் இழுத்து எல்லாவற்றையும் அணைத்துவிடும். இணைப்புக்கு பைபர் ஒன்று, வேறொரு நிறுவனத்தின் சிம் ஒன்று. இரண்டும் ஒரே நிறுவனமாக இருந்தால் இரண்டும் ஒன்றாகப் படுக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தினமும் மாலை நாள் முடிப்பு ஆனதும் உறுப்பினர் இருப்புப் பட்டியலை அச்சிட்டோ பென்டிரைவில் ஏற்றியோ பூட்டி வையுங்கள். ரேகைப் பரிமாற்றம் இணைப்பில்லாமல் நடக்காது. ஆனால் வைப்புத் தொகை வாங்க, வட்டி வாங்க, வரிசை எண் அச்சிட்ட தாள் ரசீது போதும். இணைப்பு வந்ததும் ரசீது எண் வரிசையிலேயே ஏற்ற வேண்டும், அவசரத்தில் பெரிய தொகையை முதலில் ஏற்றினால் நடுவில் ஒன்று விடுபடும்.

பணம் போனால் யாரைக் கூப்பிடுவது

மேசையில் பெரிதாக எழுதுங்கள்: 1930. சைபர் மோசடிக்கு இந்த எண். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறாரோ அவ்வளவு பணம் பிடிபடும். கூட்டுறவு வங்கிகளுக்கும் பொருந்தும் 2017ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி விதிப்படி, வாடிக்கையாளர் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் இடையில் யாரோ புகுந்து பணம் போயிருந்தால், தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னவருக்கு நட்டம் கிடையாது. ஓடிபியைத் தானே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது அவர் பணம். வாய்மொழிப் புகாரையும் எழுதி, நேரம் குறித்து, நகலைக் கையில் கொடுங்கள். மூன்று நாளுக்குள் சொன்னாரா என்பது அந்த நேரத்தை வைத்தே முடிவாகும்.

ரேகைத் திருட்டுக்குப் பயப்படும் உறுப்பினருக்கு ஆதார் செயலியில் ரேகையைப் பூட்டிவைக்கலாம் என்று சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் பூட்டினால் ரேஷன் கடையிலும் ரேகை எடுக்காது, நூறு நாள் சம்பளத்தை ரேகையில் எடுக்கவும் முடியாது. மாதம் தவறாமல் ரேகை வைப்பவருக்கு இதைப் பரிந்துரைக்காதீர்கள். ஆதார் நகல்களைக் கவுன்டரில் கட்டுக் கட்டாகக் கிடக்க விடாமல் இருப்பதே அவருக்கு நீங்கள் செய்யக்கூடிய பாதுகாப்பு. முதல் எட்டு இலக்கம் மறைத்த நகல் போதும்.

எந்த மாதத்தில் எதை

பெயர், எண் சரிபார்ப்பைப் பங்குனி, சித்திரையில் முடியுங்கள். வயலில் வேலை குறைவு, ஆட்கள் ஊரில் கிடைப்பார்கள். ரேகை மேசையை வைகாசியில் தொடங்கினால், ஜூன் 12இல் மேட்டூர் திறந்து குறுவைக் கடன் கூட்டம் வருவதற்குள் முகவருக்குக் கை பழகிவிடும். கியூஆர் வசூலை, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டுப் பணம் கணக்கில் ஏறும் தை, மாசியில் ஆரம்பியுங்கள். காசு இருக்கும்போதுதான் கட்டிப் பார்க்க மனம் வரும். விளக்கக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் போட்டால் ஆண்கள் மட்டும் வருவார்கள். நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கு, வருகைப் பதிவு முடிந்த கையோடு போங்கள்.

ஆறு மாதம் கழித்து, எத்தனை பரிமாற்றம் என்று எண்ணுவதோடு நிற்காமல், தெருவாரியாக எழுதிய அந்தப் பழைய பட்டியலை எடுத்து எத்தனை பெயர் உள்ளே வந்துவிட்டதால் கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பரிமாற்றம் ஏறி, பட்டியல் அப்படியே இருந்தால், ஏற்கனவே உள்ளே இருந்தவர்களுக்கே வேலை செய்திருக்கிறீர்கள் என்று பொருள். அப்போது காரணப் பத்தியில் எது அதிகம் மிஞ்சுகிறதோ அதிலிருந்து மறுபடி தொடங்குங்கள். டெல்டாவில் பெரும்பாலும் அது 'பட்டா இல்லை' என்றே இருக்கும்.